நெரிசலில் லாரி டிரைவரின் நிதானம்: அது யார் கையில் இருக்கிறது?

தீபாவளி, பொங்கல் நேரத்தில் திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில் காரில் போனவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கம். சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் கார்கள், ஆம்னி பஸ்கள், பை கட்டிய பைக்குகள். இவற்றுக்கு நடுவே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர், சிமென்ட் டாரஸ், காய்கறி ஏற்றிய ஈச்சர். விராலிமலை அருகே பூதக்குடி சுங்கச்சாவடியில் வரிசை நீளும். அதைத் தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க எல்லோரும் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். முன்னால் மெதுவாகப் போகும் லாரியைப் பார்த்ததும் ஒரு ஹாரன், ஒரு லைட், ஒரு 'கட்'.

அந்த 'கட்' விழும்போது லாரி டிரைவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பல உயிர்கள் இருக்கின்றன. அவர் நிதானமாகக் காலைத் தளர்த்தினால் எதுவும் நடக்காது. எரிச்சலில் இன்னும் நெருங்கினால் எதுவும் நடக்கலாம்.

"டிரைவருக்குப் பொறுமை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் பொறுமைக்கு இரண்டு பொருட்கள் தேவை: கையில் நேரம், முன்னால் இடைவெளி. அவருடைய நேரத்தை லோடு கொடுப்பவரும் வண்டி உரிமையாளரும் எடுத்துக்கொள்கிறார்கள். இடைவெளியை, காரிலும் பைக்கிலும் போகிற நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு அவரிடம் நிதானத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை.

கொடும்பாளூர் ஏன்?

திருச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே இருக்கிறது கொடும்பாளூர். இருக்குவேளிர் காலத்து மூவர் கோயிலுக்காகப் பலருக்கும் தெரிந்த ஊர். அதைவிடப் பழைய அடையாளம் ஒன்றும் இதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரைத் தாண்டி மதுரைக்கு நடக்கும்போது, எதிரே வரும் மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளக் கரையில் பாதை மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, எந்த வழியில் என்ன இருக்கும், எங்கே கவனம் வேண்டும் என்பதையும் விவரிக்கிறான். சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் போகிறவர்கள் அன்றும் இந்தப் பக்கமாகத்தான் போனார்கள்.

இன்று இது தேசிய நெடுஞ்சாலை. இந்தியச் சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில் மிக அதிகமான விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

சாலை அகலமாகிவிட்டது, ஆனால் அதில் போகிறவர்களின் வேகம் ஒரே மாதிரி இல்லை. 100-ல் வரும் கார், 60-ல் போகும் லோடு லாரி, 40-ல் போகும் மொபெட், மீடியன் இடைவெளியில் குறுக்கே திரும்பும் டிராக்டர். இந்த வித்தியாசம்தான் நெரிசலைவிட ஆபத்தானது.

லாரி ஏன் டக்கென்று நிற்காது?

இரண்டு ஆக்சில் லாரி ஒன்று லோடோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-ல் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. ஒரு சின்ன கார் சுமார் 1 டன். அதாவது, முன்னால் போவது ஒரு லாரி என்றாலும் எடையில் அது 18 கார்.

எடை மட்டுமல்ல, பிரேக் வேலை செய்யும் விதமும் வேறு. கார் பிரேக்கில் இருப்பது எண்ணெய்; மிதித்தவுடன் பிடிக்கும். பெரிய லாரியில் ஏர் பிரேக். மிதித்தபிறகு காற்று குழாய் வழியாகப் போய் ஒவ்வொரு சக்கரத்திலும் அழுத்தம் ஏறச் சுமார் அரை விநாடி ஆகும். 80 கி.மீ. வேகத்தில் அந்த அரை விநாடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும்.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைப் பார்த்து டிரைவர் காலை பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை விநாடி. ஏர் ஏற அரை விநாடி. பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம். நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டால்கூட லோடு லாரி நிற்க ஏறக்குறைய இவ்வளவு தூரம் வேண்டும்:

- 40 கி.மீ. வேகத்தில் 35 மீட்டர்
- 60 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர்
- 80 கி.மீ. வேகத்தில் 90 மீட்டருக்கும் மேல்

மழை பெய்தால், டயர் தேய்ந்திருந்தால், ஓவர்லோடு இருந்தால் இதெல்லாம் இன்னும் கூடும். 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. ஆனால் மோதலின் சக்தி ஏறக்குறைய 1.8 மடங்காகிறது.

இனி, லாரிக்கு முன்னால் காலியாகத் தெரியும் இடத்தைப் பாருங்கள். நமக்கு அது 'புகுந்துபோக ஒரு கேப்'. அவருக்கு அது பிரேக்கின் ஒரு பகுதி. நாம் உள்ளே நுழையும்போது அவருடைய பிரேக்கில் பாதியைக் கழற்றிவிடுகிறோம்.

எவ்வளவு இடைவெளி போதும்?

மீட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. அதற்கு விநாடிக் கணக்கு வசதியானது. முன்னால் போகும் வண்டி ஒரு லைட் கம்பத்தையோ மைல்கல்லையோ தாண்டும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனசுக்குள் எண்ண வேண்டும். லாரி அதே இடத்தைத் தொடும்போது எண்ணிக்கை நாலையாவது தொட்டிருக்க வேண்டும். மழையிலும் இரவிலும் ஆறு. 80 கி.மீ. வேகத்தில் 4 விநாடி என்பது சுமார் 90 மீட்டர். மேலே பார்த்த நிற்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான்.

"இவ்வளவு இடைவெளி விட்டா ஆளாளுக்கு உள்ளே புகுந்துடுவாங்களே?" என்பதுதான் எல்லா டிரைவர்களும் கேட்கும் கேள்வி. புகுவார்கள்தான். அதனால் எவ்வளவு நஷ்டம்? ஒரு வண்டி முன்னால் நுழைந்தால், மறுபடி இடைவெளியை உண்டாக்கக் காலைத் தளர்த்த வேண்டும்; அதில் போவது அதிகபட்சம் 4 விநாடி. திருச்சியிலிருந்து மதுரை போவதற்குள் 30 வண்டிகள் புகுந்தாலும் மொத்த இழப்பு 2 நிமிஷம். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

வேகத்துக்கும் இதே கணக்குதான். கொடும்பாளூரிலிருந்து திருச்சிக்கு 40 கி.மீ. 60-ல் போனால் 40 நிமிஷம். 80-லேயே போனால் 30 நிமிஷம். வழியெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிச் சம்பாதிப்பது 10 நிமிஷம். நெரிசல் நாளில் அந்த 10 நிமிஷமும் அடுத்த டோல்கேட் வரிசையில் கரைந்துவிடும்.

ஊர்ந்து போகும் நெரிசலில் என்ன செய்யலாம்?

நின்று நின்று போகும் நெரிசலில் அனுபவமுள்ள டிரைவர்கள் செய்வதைக் கவனித்தால் ஒன்று தெரியும். முன்வண்டி பத்தடி நகர்ந்தவுடன் அவர்கள் பாய்வதில்லை. இடைவெளி கொஞ்சம் சேரட்டும் என்று விட்டு, சின்ன கியரில் ஒரே சீராக உருட்டிக்கொண்டு போவார்கள். இதனால் கிளட்ச் தேயாது, டீசல் மிச்சம், காலும் வலிக்காது. முக்கியமாக, ஏர் வீணாகாது. பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் டேங்கில் காற்றழுத்தம் இறங்கும். ஏர் மீட்டரில் ஒரு கண் இருக்க வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முன் முகப்புக்குக் கீழே பார்க்க வேண்டும். உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டி தெரியாது. இரண்டு கண்ணாடி, முன்பக்கம், மறுபடி கண்ணாடி, அப்புறம்தான் கிளட்ச். கூட கிளீனர் இருந்தால் இடதுபக்கம் அவர் பொறுப்பு. கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டும் வண்டிகள் இப்போது அதிகம். அங்கே கண்ணாடிதான் கிளீனர்.

கோபத்தைப் பற்றியும் பேச வேண்டும். அது முதலில் உடம்பில்தான் வரும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பது, பல்லைக் கடிப்பது, ஹாரனில் கை வைத்தால் எடுக்காமல் இருப்பது. இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கைப்பிடியைத் தளர்த்தி, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடலாம். நாலைந்து முறை செய்தால் நெஞ்சுப் படபடப்பு குறையும். மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணிவது உடம்பின் இயல்பு. இதற்கு யோகா வகுப்பெல்லாம் தேவையில்லை. கட் அடித்துப் போனவனைத் துரத்திப் போய் முறைப்பதால் எதுவும் திரும்பி வராது. அவன் முகத்தை மறந்துவிட்டு இடைவெளியைத் திரும்ப உண்டாக்குவதுதான் வேலை.

அடுத்தது போன். "எங்கப்பா இருக்கே? எப்ப வந்து சேருவே?" என்று உரிமையாளரோ லோடுக்காரரோ கூப்பிடும் ஒவ்வொரு முறையும் டிரைவரின் கவனம் சாலையை விட்டு விலகுகிறது. வண்டியில் ஜிபிஎஸ் இருக்கும்போது இந்தக் கேள்விக்கே அவசியமில்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து டிரைவர் கூப்பிடுவார், ஓடும்போது நாங்கள் கூப்பிட மாட்டோம் என்று ஒவ்வொரு லாரி ஷெட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

தூக்கத்தோடு பேரம் பேச முடியாது

நிதானத்தின் பெரிய எதிரி கோபம்கூட இல்லை, தூக்கம்தான். நள்ளிரவு தாண்டி விடியும்வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணியிலிருந்து 4 மணிவரையும் உடம்பின் கடிகாரமே தூங்கச் சொல்லும். கண் 3 விநாடி மூடினால் 80 கி.மீ. வேகத்தில் வண்டி சுமார் 67 மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். டீயோ காபியோ வேலை செய்ய 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதனால் டீயைக் குடித்தவுடன் வண்டியை எடுக்காமல், கேபினிலேயே 20 நிமிஷம் கண்ணை மூடுவது நல்ல வழி. எழும்போது தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும், டீயும் வேலையை ஆரம்பித்திருக்கும். ஆனால் இதெல்லாம் சமாளிப்பு மட்டுமே. ஒரு முழு இரவுத் தூக்கத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

தூங்குவதற்கு எங்கே நிறுத்துவது? இதுதான் சிக்கல். இடம் கிடைக்காமல் சாலையோரத்தில் லைட் இல்லாமல் நிறுத்தப்படும் லாரி, பின்னால் வேகமாக வரும் காருக்கு எமன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்துவதைத் தடை செய்கிறது. பழுதாகி நின்றாலும் பார்க்கிங் லைட், ஒளிரும் முக்கோணம் இரண்டும் கட்டாயம் வேண்டும். முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைத்துப் பயனில்லை. நெடுஞ்சாலையில் குறைந்தது 50 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும்.

காரில், பைக்கில் போகும் நாம் செய்ய வேண்டியவை

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் லாரி ஓட்டுபவர்கள் அல்ல. லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுபவர்கள். ஆகவே இந்தப் பகுதி நமக்கு.

முதல் விஷயம், லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. டிரைவர் வலதுபக்கம் உட்கார்ந்திருப்பதால் இடதுபக்கத்தில்தான் மறைவிடம் அதிகம். இடதுபக்கமாக ஓவர்டேக் செய்வது அவர் கண்ணைக் கட்டிவிட்டு ஓடுவது போல.

இரண்டாவது, நீளமான வண்டி இடதுபக்கம் திரும்ப முதலில் கொஞ்சம் வலதுபக்கம் விலகும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கித் திரும்பும் என்பதால் வேறு வழியில்லை. அப்போது இடதுபக்கம் திறக்கும் இடத்தில் பைக்கை நுழைத்தவர்கள் பின்சக்கரத்துக்கு அடியில் போயிருக்கிறார்கள். இன்டிகேட்டர் இடதுபக்கம் மின்னினால், பின்னாலேயே நில்லுங்கள்.

மூன்றாவது, ஓவர்டேக் செய்தபிறகு உடனே லேனுக்குள் வராதீர்கள். லாரியின் முகப்பு முழுசாக உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்தபிறகும் சற்றுத் தூரம் போய், அப்புறம் வாருங்கள். உள்ளே வந்த கையோடு பிரேக் அடிக்காதீர்கள்.

நான்காவது, அவர் 60-ல் போவதற்காக ஹாரன் அடிக்காதீர்கள். நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 80 கி.மீ.தான். அவர் சட்டப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரக்கு வண்டி டிரைவரின் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கு மட்டும் நாளுக்கு 10 மணி நேரம்வரை விலக்கு தந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவே அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் இந்த வரம்பையே சுட்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷ ஓய்வு கட்டாயம். நாளுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். அங்கே வண்டியில் இருக்கும் கருவி ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிவு செய்கிறது, அதிகாரிகள் சோதிக்கிறார்கள். நம்மிடம் விதி இருக்கிறது. ஒரு டிரைவர் எத்தனை மணி நேரமாக ஸ்டியரிங்கில் இருக்கிறார் என்று சாலையில் நிறுத்திக் கேட்பவர்தான் இல்லை. ஆர்சி, இன்ஷூரன்ஸ், பெர்மிட் எல்லாம் பார்ப்பார்கள், தூங்கினாரா என்று பார்ப்பதில்லை.

ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து 10 மணி நேரம் ஓட்டுபவரிடம் நிதானம் எதிர்பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது தாமதமாகவாவது புரிந்திருக்கிறது. ஆனால் சாலையில் ஏற்கெனவே ஓடும் பழைய லாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது.

ஒருவேளை இடித்துவிட்டால்?

விபத்துக்குப் பிறகு டிரைவர் ஓடிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கூட்டத்தின் அடிக்குப் பயம். சட்டத்துக்கே அது தெரியும். 134-வது பிரிவு, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் அதற்கு விலக்கும் தருகிறது. ஆனால் தகவல் சொல்லாமல் மறைவதற்கு அல்ல. அங்கே நிற்க முடியாவிட்டால் 108-க்கு ஒரு போன், நேராக அருகில் உள்ள காவல் நிலையம். டிரைவரைக் காப்பாற்றுவது இதுதான்.

கூடி நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரைவரை அடிக்கும் நேரத்தில் காயம்பட்டவரின் உயிர் போய்க்கொண்டிருக்கும். உதவி செய்பவர் மீது வழக்கு வராது என்று 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உறுதி தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தேசிய நெடுஞ்சாலையில் எந்த அவசரத்துக்கும் 1033 எண்ணை அழைக்கலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

டிரைவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துவது, கண் பரிசோதனை செய்வது எல்லாம் நல்லதுதான், தொடரட்டும். ஆனால் பொறுமையை முகாமில் மட்டும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. லோடு ஏற்றும் இடத்தில் 6 மணி நேரம் காக்க வைத்துவிட்டு, போய்ச் சேரும் நேரத்தை மட்டும் மாற்றாமல் விட்டால், அந்த 6 மணி நேரம் சாலையில்தான் ஈடுகட்டப்படும். தாமதம் கிட்டங்கியில் நடந்தால் டெலிவரி நேரமும் தள்ளிப்போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். லாஜிஸ்டிக்ஸ், ஆன்லைன் விற்பனை, உற்பத்தி நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்களே, அந்த நேர அட்டவணையை எக்செல்லில் போடுபவர்கள் நீங்கள்தான். அதில் ஓய்வுக்கு ஒரு வரிசை சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் திருச்சி - மதுரை போன்ற சாலைகளில் வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்துமிடங்களைப் போதுமான அளவில் அமைக்க வேண்டும். டீசலும் சரக்கும் திருடு போகும் என்ற பயமில்லாமல் தூங்க முடிந்தால்தான் டிரைவர் தூங்குவார். பண்டிகைக்கு முந்தின நாட்களில், நெரிசல் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்துக்குக் கனரக வண்டிகளை அப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தி வைக்கலாம். அந்த நேரத்துக்கான தாமதத்துக்கு டிரைவரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. வேலை நேரத்தைச் சோதிப்பது, வேகத்தைச் சோதிப்பது போலவே வழக்கமாக வேண்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். நாளைக்கே நடக்கக்கூடியது ஒன்றும் உண்டு. அடுத்த முறை விராலிமலை தாண்டிக் கொடும்பாளூர் பக்கம் போகும்போது, லாரிக்கு முன்னால் தெரியும் அந்தக் காலி இடத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். நமக்குப் போவது 4 விநாடி.